நான்காவது பிஸ்டன்

என் தங்கையின் வேன் எஞ்சினை வேறு யார் கையிலும் விட எனக்கு மனசில்லை. மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் தன்னந்தனியாகப் போகிறவள் அவள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். வளைவில் எஞ்சின் இறுகினால் பின்சக்கரங்கள் அப்படியே நின்றுவிடும். அப்புறம் எந்தப் பக்கம் போவது என்று வண்டிதான் முடிவு செய்யும். எஞ்சின் கட்டுவதில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் கருத்து. என் கணவரின் கருத்தும் அதுதான், வெளியே சொல்லமாட்டார்.

அவர் லேத்தில் இரும்பு கடைகிறவர். பட்டறையின் முன்பாதி அவருடையது, பின்பாதி என்னுடையது. நடுவில் சுவர் கிடையாது, அதனால் சண்டைக்கும் குறைவில்லை.

பழைய எஞ்சின் அது. தண்ணீர் கிடையாது, காற்றடித்துத்தான் குளிர வேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று தங்கை புலம்பியதால், பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டும் கிராங்க் தண்டை மாற்றி, அதை இன்னும் கீழே இழுக்கும் பெரியதாக ஒன்றைப் போட்டோம். பெரியது வந்தால் அதற்கு இடம் வேண்டுமே. அது சுழலும் கூடான கிராங்க் கேஸின் உள்சுவரை அவர் தேய்த்துக் கொடுத்தார். கிராங்க்கின் கனத்த பகுதி சுழன்று வரும்போது இடிக்காதபடி பிஸ்டன்களின் கீழ்விளிம்பையும் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தார்.

கொடுத்ததை வாங்கி மூடிவிடுகிற ஆள் நானில்லை. ஒத்திகைக்குத்தானே, பசை தடவாமல் கேஸின் இரு பாதிகளையும் சேர்த்து முடுக்கினேன். முதல் பிஸ்டனின் கீழ்விளிம்பில், பிள்ளைகள் விளையாடும் குழைமண்ணை அப்பி, சிலிண்டரோடு பொருத்தி, கையால் மெல்லச் சுற்றினேன். பிறகு கழற்றி, நசுங்கிய மண்ணைப் பிளேடால் கீறி அளந்தேன். இரண்டு மில்லிமீட்டர். தாராளம்.

"பாத்தியா?" என்று லேத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார் அவர். "நான் வெட்டினா வெட்டினதுதான். மூடு."

"இன்னும் மூணு இருக்குங்க."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா."

"பானையில வேகறது ஒரே அரிசி. இது நாலு பிஸ்டன்."

ஸ்டூலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த தங்கைக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நாளைக்கு நான் மலை ஏறணும். நீ என்னடான்னா மண்ணு வச்சு விளையாடிட்டிருக்க. அத்தான்தான் சொல்றாரில்ல?"

"வண்டிக்குள்ள உக்காரப் போறது அத்தானா, நீயா?"

இரண்டாவதும் மூன்றாவதும் சொல்லி வைத்தாற்போல் அதே இரண்டு மில்லிமீட்டர். நான்காவதும் வழுக்கிக்கொண்டு சுற்றியது, ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. "இப்பவாவது மூடுவியா?" என்றார் அவர். நான் கழற்றினேன்.

பிளேடால் கீற மண்ணே இல்லை. வெங்காயச் சருகு மாதிரி நசுங்கி, அடியில் உலோகம் பளபளத்தது.

"ஆனா இடிக்கலையே அக்கா, நல்லாத்தானே சுத்துச்சு?"

"இப்ப குளிர்ந்து கிடக்குடி. ஏத்தத்துல சூடேறி எல்லாம் விரியும்போது இந்த எடம் இருக்காது. கிராங்க் வந்து பிஸ்டனை அடிக்கும்."

"சிலிண்டருக்கு அடியில ஒரு தகடு வச்சுத் தூக்கிட்டா?" என்றார் கணவர்.

"சிலிண்டர் தூக்கும், பிஸ்டன் தூக்குமா? அது கிராங்க் இழுக்கிற எடத்துக்குத்தானே வரும்!"

இது அவருக்குத் தெரியாததல்ல. பதற்றத்தில் வந்த பேச்சு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிஸ்டனை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். அவர் வெட்டியதே நகக்கண் அளவுதான், என் கண்ணுக்கு நான்கும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"இது நான் வெட்டினது இல்ல. வெட்டினதுல ஒண்ணு கீழ விழுந்து நெளிஞ்சு போச்சு. அலமாரியிலிருந்து வேற எடுத்து வச்சேன். வெட்டணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

வழக்கமாக இதுபோதும் எனக்கு, ஒரு வாரத்துக்கு வைத்து வாங்குவேன். ஆனால் தங்கைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். இந்த முறை விட்டுவிட்டேன். அவர் பிஸ்டனை எடுத்துக்கொண்டு லேத்துக்குப் போனார்.

"இதை வெட்டணும், நாலையும் எடை போட்டுச் சமமாக்கணும், மறுபடி அளக்கணும்," என்றேன் தங்கையிடம். "நாளைக்கு நீ போக முடியாது."

அவள் மலை மேலிருக்கும் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் நர்ஸம்மா பொரிந்து தள்ளியது லேத் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "சரிங்கம்மா, நாளை மறுநாள் கண்டிப்பா" என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு வைத்தாள்.

"ரொம்பத் திட்டறாங்களா?"

"திட்டட்டும் அக்கா," என்றாள். "வாங்கிக்க நான் உசிரோட இருக்கேன்ல?"

அவர் லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிஸ்டனை என்னிடம் நீட்டி, "மறுபடி மண்ணு வச்சுப் பாரு," என்றார்.