பெரியவளின் தண்ணீர்

சின்னவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் நின்றது. விடியும்போது அவள் அக்கா பெரியவள் போட்ட மோட்டார். அதைப் போட்டுவிட்டு நிழல்வலைப் பந்தலுக்குள் போனவள்தான். நாற்றுத் தட்டுகளுக்கு நடுவே விழுந்து கிடந்தவளைத் தூக்கியபோதே மூச்சில்லை. அப்புறம் டாக்டருக்கு ஓடுவதும் மகனுக்குச் சொல்வதுமாக இருந்ததில் மோட்டாரை யாரும் நினைக்கவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து வாசல்வரை சேறாகியிருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

"நல்லவேளை நிறுத்தினியேம்மா. அந்தச் சத்தம் தாங்க முடியல," என்றார் அடுத்த தோட்டத்து ரோஜாக்காரர்.

அவள் அதைப் பல வருஷமாகத் தாங்கிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவளின் மோட்டார் ஓடினால், இந்தப் பக்கம் இவளுடையது இருமிக் காற்றைத் துப்பிவிட்டு ஓய்ந்துவிடும்.

அப்பா நிலத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தபோது இரண்டு போர்க்கிணறும் ஒரே ஆழம்தான். அக்காவும் தங்கையும் தக்காளி, மிளகாய் நாற்று வளர்த்து விற்றார்கள். வாங்க வருகிற வண்டிகள் ஏனோ பெரியவளின் கேட்டில்தான் நிற்கும். அவள் கை பட்டால் கல்லும் முளைக்கும் என்று பேச்சு. அதைக் கேட்கச் சகிக்காமல் சின்னவள் தன் போரை ஆழப்படுத்தினாள். முதலில் ஆழப்படுத்தியது அவள்தான். அக்காவுக்குத் தண்ணீர் இறங்கியது. அக்கா இன்னும் கீழே போனாள். பிறகு இவள். பிறகு ரோஜாக்காரர். காதில் கிடந்ததும் அடகுக்குப் போனபிறகு இவள் நின்றுவிட்டாள். பெரியவள் இன்னொரு தடவை இறங்கினாள். எல்லோருக்கும் அடியில் இருந்தது ஒரே தண்ணீர். யார் குழாய் ஆழமோ அவர்கள் பக்கம் போனது.

போன கோடையில் பெரியவள் வேலியோரம் வந்து நின்றாள்.

"காலையில நீ ஓட்டு, மத்தியானம் நான் ஓட்டறேன். ரோஜாக்காரரும் சரின்னுட்டாரு. இனிமே யாரும் ஆழப்படுத்தக் கூடாதுன்னு பேசி முடிச்சுக்கலாம்டி. இப்படியே போனா யாருக்கும் ஒண்ணும் இருக்காது."

"அடியில போய் உக்காந்துக்கிட்டு எனக்கு நேரம் குறிச்சுக் குடுக்கிறியா? நல்லது பண்ணணும்னா நீ நிறுத்திக்கோ."

"நான் ஒருத்தி நிறுத்தி என்ன? நான் விட்டு வைக்கிறதை வேற ஒருத்தர் உறிஞ்சுட்டுப் போவாங்க. எல்லாரும் சேந்து நிறுத்தினாத்தான் மிஞ்சும்."

"அப்ப ஓட்டு."

சின்னவள் ஒத்துவராததைச் சாக்காக வைத்து மற்றவர்களும் நழுவினார்கள். பெரியவள் ஓட்டினாள்.

இப்போது முன்னறையில், வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தாள். தெருமுனைவரை ஆட்கள். நாற்று வாங்கிப் போன முகந்தெரியாத விவசாயிகள்கூட வந்து அழுதார்கள். தனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று சின்னவள் எண்ணினாள். எண்ணியதும் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்தாள். குதிகாலில் நாற்றுத் தட்டின் தென்னை நார்த்தூள் இன்னும் ஒட்டியிருந்தது. துணியை இழுத்து மூடிவிட்டாள்.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் சின்னவளின் கணவன் வந்து ஜன்னலுக்கு வெளியிலிருந்து கைகாட்டினான். எழுந்து போனாள்.

"நாத்து காயுதேன்னு நம்ம மோட்டாரைப் போட்டேன். காத்தே வரல. விடாம ஊத்துது."

"மெதுவா பேசுங்க."

"உங்கக்கா மோட்டார் நின்னதுலதான் ஏறியிருக்கு. வேற என்ன?"

"மெதுவான்னேன்ல!"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்து யாரோ தோளில் கை வைத்தார்கள். அந்தக் கையை விலக்கிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நடந்தாள்.

பெரியவளின் நிழல்வலைக்குள் அனல் அடித்தது. தட்டுகளின் குழிகளில் இருந்த ஈரம் எப்போதோ வற்றிப்போயிருந்தது. மிளகாய் நாற்றுகள் கழுத்து ஒடிந்து தொங்கின. இன்னும் கொஞ்ச நேரம் போனால் எழுந்திருக்காது. அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரில் இது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறக்காவிட்டால் நாளைக்கு ஒருவரும் கேட்கப்போவதில்லை; சாவு விழுந்த வீட்டில் செடிக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? அடுத்த வாரம் வண்டிகள் அவளுடைய கேட்டுக்கு வரும்.

நின்றாள். கொஞ்ச நேரம் நன்றாகவே நின்றாள்.

பின்னால் காலடி கேட்டது. அக்காவின் கணவர். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"மாமா, நீங்க ஏன் இங்க வந்தீங்க?"

"உள்ளே உக்கார முடியல." தட்டுகளைப் பார்த்தார். "ஐயோ, இதை மறந்தே போனோமே! தொட்டித் தண்ணியையும் சேறு கழுவத் திறந்துவிட்டுட்டாங்க. மோட்டாரைப் போடட்டுமா?"

"வேணாம்." சட்டென்று வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். "வேணாம் மாமா. எங்க பக்கத்துலேருந்து குழாய் இழுக்கச் சொல்றேன்."

"உன் போர்லதான் தண்ணியே இல்லையே?"

"இன்னைக்கு வருது."

அவர் அதை யோசித்தார். யோசித்து முடித்ததும், காரணம் புரிந்தது முகத்தில் தெரிந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"வந்தா சரிதான்," என்றார் கடைசியில். "உனக்குத் தண்ணி வரலேன்னா அவளுக்குச் சோறு எறங்காது. உங்கிட்ட காட்டிக்க மாட்டா."

 அது உண்மையாக இருக்கலாம் என்பது சின்னவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கவலைப்படுவதிலும் அக்காவே முந்திக்கொண்டாள்.

கணவன் வேலிக்கு மேலே ரப்பர் குழாயைப் போட்டான். மோட்டார் சத்தம் வந்தது; அவளுடைய மோட்டார், இருமாமல். அவள் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, தண்ணீரைத் தூறலாக்கி, முதல் வரிசையிலிருந்து பிடித்தாள். நார்த்தூள் கறுத்து நனைந்தது. வீட்டுக்குள் அழுகை உயர்ந்தது. மகன் வந்துவிட்டான் போலிருக்கிறது. மாமா எழுந்து போனார்.

அவள் போகவில்லை. வரிசை வரிசையாகப் பிடித்துக்கொண்டே போய், பாதியில் திரும்பிப் பார்த்தபோது முதல் வரிசை நாற்றுகள் நிமிர ஆரம்பித்திருந்தன. இரண்டு பக்கமும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய விதை. குனிந்து ஒன்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். தண்டு தடிப்பு. அவளுடையதைவிட ஒரு விரல் உயரம்.

"போதுமா?" என்றான் கணவன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"இன்னும் கொஞ்சம் குழாயை விடுங்க," என்றாள். "கடைசி வரிசைக்கு எட்டல."