இருக்கையில் ஐந்து மூட்டை உப்பு

விலையை முதலில் கேட்பவன் வாங்க மாட்டான். பொருளை முதலில் தொடுபவன் வாங்காமல் போக மாட்டான். சந்தை சந்தையாகப் பழைய சாமான் விற்ற என் அப்பா எனக்கு விட்டுப்போன சொத்து இந்த ஒரு வாக்கியம்தான். என் வாடிக்கைக்காரன் வெர்லின் ஹாக் இரண்டும் செய்ய மாட்டான். டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்று வானத்தைப் பார்ப்பான். ஆனால் வாங்காமலும் போக மாட்டான். இந்த ரகத்தைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

தெற்கு இண்டியானாவில் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு நேர்கோட்டுப் பந்தயப் பாதை. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு நீளம். இரண்டு கார் ஒன்றாகப் புறப்படும், ஒன்று ஜெயிக்கும், அவ்வளவுதான். பார்வையாளர் படிக்கட்டுக்குப் பின்னால், என் வேனின் பின்கதவைத் திறந்து வைத்தால் அதுதான் கடை. டயர், குலுக்கலைத் தாங்கும் ஷாக், ஸ்பிரிங் எல்லாம் விற்பேன். உடைந்த அலுமினியத்தை எடை போட்டு வாங்கிக்கொள்வேன்.

அது அந்த வருடப் பந்தயங்களின் கடைசி ஞாயிறு. மறுநாள் வாயில் கதவைப் பூட்டினால் ஏப்ரலில்தான் திறப்பார்கள். வெர்லின் வந்து நின்றான்.

"டயர் பிடிக்கலை, மார்வா."

"உனக்கா, தரைக்கா?"

"கேலி பண்ணாத. திரும்பவும் இடது பக்கம் இழுக்குது. சுவரை முத்தம் குடுக்கப் போற மாதிரி."

அந்தக் கோடை முழுவதும் இதே பாட்டுத்தான். வசந்தத்தில் வரிப்பள்ளமே இல்லாத பந்தய மொட்டை டயர் ஒரு ஜோடி வாங்கினான். காற்றைக் குறைத்துப் பார்த்தான், கூட்டிப் பார்த்தான். பிறகு ரேடியல் டயருக்கு மாறினான். ரேடியலுக்கு மெதுவாக எழும்பும் ஷாக் வேண்டும் என்று யாரோ சொல்ல, ஷாக் வாங்கினான். ஷாக்குக்கு ஏற்ற ஸ்பிரிங் வேண்டும் என்று அவனே சொல்லிக்கொண்டு அதையும் வாங்கினான். ஒவ்வொரு முறையும் பச்சை விளக்கு விழுந்ததும் அவனுடைய பழைய நோவா கார் மூக்கைத் தூக்கும். ஒரு நொடி நேராகப் போவதுபோல் ஆசை காட்டிவிட்டு இடது பக்கம் ஒதுங்கும். வெர்லின் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவான். எதிராளி தனியாகப் போய் ஜெயிப்பான்.

"புதுசா என்ன வச்சிருக்க?"

"உனக்கு விக்க என்கிட்ட ஒண்ணுமில்ல. என் சாமான்ல பாதி உன் வண்டிக்கு அடியிலதான் தொங்குது."

அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுபவன்போல் பார்த்தான்.

"இன்னிக்கு மத்தியானம் முதல் சுத்து. அதுலயும் சுவரைப் பாத்துப் போச்சுன்னா வண்டியை நீயே எடுத்துக்கோ. டிரெய்லரோட."

ஒரு விலையும் சொன்னான். நாணயமுள்ளவர்கள் கேட்டால், 'அடப்பாவி, இவ்வளவு குறைத்தா கேட்பாய்?' என்று சண்டைக்கு வருகிற விலை. வியாபாரிகள் கேட்டால் வாயை மூடிக்கொள்கிற விலை. நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று வருடமாக அந்த வண்டி மேல் எனக்குக் கண்.

"வண்டியை வித்துட்டு ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவ?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியல. வீட்டுல இருப்பேன்."

வீடு என்று அவன் சொன்ன விதத்தில் அங்கே யாரும் இல்லை என்பது தெரிந்தது. அவன் மனைவி லியோட்டா அவனை விட்டுப் போய் இரண்டாவது குளிர்காலம் வரப்போகிறது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. அதுதான் அவனுக்குப் புரியவே இல்லை.

வாங்கப் போகும் மாட்டின் பல்லைப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? கடையைப் பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெர்லினோடு நடந்தேன். மற்ற வண்டிகளைச் சுற்றி நான்கு பேர், ஐந்து பேர், நாய், நாற்காலி, கறி சுடும் அடுப்பு என்று ஒரே கல்யாணக்களையாக இருந்தது. வெர்லினின் நோவாவைச் சுற்றிப் புல் மட்டும்தான்.

"எப்படிச் சரிபண்றேன்னு பாரு. அப்புறம் குறை சொல்லக் கூடாது," என்றான்.

என்ஜின் முறுக்கும்போது வலது பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பப் பார்க்கும். அதனால் அந்தச் சக்கரத்தின் மேல் முன்கூட்டியே கொஞ்சம் பாரம் ஏற்றி வைப்பார்கள். அச்சுக்குப் பக்கத்தில் ஒரு தண்டு, அதில் ஒரு நட்டு. அதைத் திருகினால் பாரம் ஏறும், இறங்கும். அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டி இடது பக்கம் ஒதுங்கும். சக்கரங்களுக்கு அடியில் எடைத் தட்டு வைத்துத்தான் திருக வேண்டும். ஓட்டுகிறவனும் இருக்கையில் இருக்க வேண்டும், அவனுடைய கனமும் கணக்கில் சேர்ந்ததுதானே. ஆகவே இது இரண்டு பேர் வேலை. ஒருவர் மேலே உட்கார, ஒருவர் கீழே படுக்க. பதினெட்டு வருடம் கீழே படுத்தவள் லியோட்டா.

வெர்லின் டிரெய்லரிலிருந்து வீட்டுக் கடின நீரை மென்மையாக்கப் போடும் உப்பு மூட்டைகளைக் கொண்டுவந்து, குழந்தையை உட்காரவைப்பதுபோல் ஒவ்வொன்றாக ஓட்டுநர் இருக்கையில் வைத்தான். ஐந்து மூட்டை, ஒவ்வொன்றும் நாற்பது பவுண்டு. மேலே ஒரு சின்னப் பை நாய்த்தீனி.

"உன்கிட்ட நாய் ஏது?"

"கனத்துக்குத்தான். மொத்தம் இருநூத்திப் பதினஞ்சு பவுண்டு. அது நான்."

சொல்லிவிட்டு ஸ்பேனரோடு அடியில் நுழைந்தான். அப்போது அவன் சட்டை மேலேறியது. கால்சட்டையை இடுப்பில் நிறுத்தியிருந்தது பெல்ட் அல்ல. டிரெய்லரில் சாமான் கட்டும் பட்டை. அதையும் இரண்டு சுற்று சுற்றியிருந்தான்.

நான் மூட்டைகளைப் பார்த்தேன். பட்டையைப் பார்த்தேன். எடையைக் கண்ணால் சொல்லித்தானே எனக்குப் பிழைப்பு. இருக்கையில் உட்கார்ந்திருந்தது லியோட்டா போவதற்கு முந்தைய வெர்லின்.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மத்தியானத்துக்குள் வண்டி என்னுடையது. நான் நல்லவள் என்று யாரும் என்னைக் குற்றம் சாட்டியதில்லை. ஆனால் அடியில் படுத்திருந்த அந்த ஆள், கால் இரண்டும் வெளியே நீட்டியபடி, தனக்குத்தானே "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு தானே "சரி" என்று பதிலும் சொன்னான்.

"வெளிய வா."

"என்ன?"

"வான்னா வா. என் கடைக்கு."

அலுமினியம் நிறுக்கும் மேடைத் தராசில் ஏறச் சொன்னேன்.

"என்ன விலைக்கு எடுத்துக்கப் போற?"

"பித்தளை விலைக்கு. வாயை மூடிட்டு அசையாம நில்லு."

முள் நின்றது. நூற்று அறுபத்தெட்டு. அவன் குனிந்து பார்த்தான். தராசை ஒரு தட்டுத் தட்டினான். இறங்கி மறுபடி ஏறினான். அதே எண்.

"உன் தராசு திருட்டுத் தராசு."

"வாங்கும்போதுதான் குறைச்சுக் காட்டும். உன்னை நான் வாங்கல."

மெதுவாகத் தராசைவிட்டு இறங்கினான். பிறகு, யாரோ அவனிடம் சொல்லாமல் மறைத்துவிட்டதுபோல், "என்கிட்ட யாரும் சொல்லலையே," என்றான்.

யார் சொல்வார்கள்? அடுப்பு முன்னால் நின்றபடியே டப்பாவிலிருந்து கரண்டியால் சாப்பிடுகிற ஆளை எதிரே உட்கார்ந்து பார்க்க யார் இருந்தார்கள்? ஞாயிறுதோறும் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் பார்த்தது அவன் கையில் இருந்த பணப்பையை.

ஒரு மூட்டையை எடுத்துக் கீழே வைத்து, மீதியைத் தட்டிச் சரிசெய்துவிட்டு அவனே திருகியிருக்கலாம். அந்த வழி எனக்குத் தெரியும். சொல்லவில்லை. உப்பை எல்லாம் இறக்கச் சொன்னேன். "நீ ஏறி உக்காரு," என்று சொல்லிவிட்டு, என் முட்டி போட்ட கூச்சலை மதிக்காமல் நோவாவுக்கு அடியில் படுத்தேன். என் தலைக்கு மேல் தகரம், அதற்கு மேல் அவன், அவன் கையில் எடைத் தட்டுகளின் எண்ணைக் காட்டும் பெட்டி.

"இறக்கு. அரைச் சுத்து," குரல் தகரம் வழியாக வந்தது. "இன்னும் அரை. போதும். லியோட்டா இந்த நேரத்துல திட்டுவா."

"என்னன்னு?"

"கண்ணுல துரு விழுந்துடுச்சுன்னு. அவ திட்டுற வரைக்கும் சரியா திருகியிருக்காளான்னு எனக்குத் தெரியாது."

துரு விழத்தான் செய்தது. நானும் திட்டினேன், என் அப்பா ஊர் ஊராகச் சேர்த்த வசையில் தேர்ந்தெடுத்த ரகம். அவன் சிரிக்கிறானா என்ன என்று கீழிருந்து தெரியவில்லை.

முதல் சுற்றுக்கு அவன் பெயரை ஒலிபெருக்கி கூப்பிட்டது. டயரைச் சூடேற்றினான், புகை என் முகத்தில் அடித்தது. பச்சை விழுந்தது. நோவா மூக்கைத் தூக்கியது, இறக்கியது, கயிறு பிடித்ததுபோல் நேராகப் போனது. அவன் காலை எடுக்கவே இல்லை. பாதையின் கடைசியில் அவன் பக்கத்து வெற்றி விளக்கு எரிந்தது. எனக்கு வரவிருந்த வண்டி கைவிட்டுப் போனது.

இரண்டாவது சுற்றில் தோற்றான். அது வண்டியின் தப்பு இல்லை, பச்சைக்குத் தாமதமாகக் கிளம்பினான். எதையோ யோசித்துக்கொண்டிருந்தானாம். திரும்பி வந்து, ஜெயித்த ஓட்டத்தின் நேரச்சீட்டை என் டயர் அடுக்கின் மேல் வைத்தான். பக்கத்து வண்டிகளில் அந்தச் சீட்டை ஐந்து தலைகள் முட்டிக்கொண்டு படிக்கும். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தேன்.

"முதல் அறுபது அடிக்கு எடுத்த நேரம் நல்லா இருக்கே."

"நல்லா இருக்குல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"வண்டியைக் குடுக்கல, மார்வா."

"கேட்டேனா?"

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். போகவில்லை. வானத்தைப் பார்த்தான்.

"குளிர்காலத்துல ஒழுங்கா சாப்பிட்டா நான் திரும்பக் கனத்துடுவேன். கனத்தா நீ திருகினது தப்பாயிடும்."

"அதுக்காகப் பட்டினி கிடப்பியா, மடையா? நல்லாத் தின்னு. ஏப்ரல்ல வண்டியைக் கொண்டா. அடியில படுக்கிறேன்."

"வருவியா?"

எங்கள் குடும்பத்தில் வாக்குக் கொடுப்பது வழக்கமில்லை. முன்பணம் இல்லாமல் எதையும் எடுத்து வைப்பதும் இல்லை.

"வருவேன்," என்றேன்.

அவன் நடந்து போய் நோவாவை டிரெய்லரில் ஏற்றினான். ஒரு பட்டையை இழுத்துக் கட்டிவிட்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அடுத்ததைக் கட்டினான். பிறகு மறுபடி சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். விற்காத டயர்களை நான் ஒவ்வொன்றாக வேனுக்குள் உருட்டினேன். அவன் வண்டி வாயிலைத் தாண்டும்போது கையை உயர்த்தினேன். சோளம் அறுத்த காட்டில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. அவன் பார்த்தானா என்று தெரியவில்லை.