ஈயத்தாள் சுற்றிய படகு

அழகுமுத்துவுக்குத் தண்ணீர் என்றால் பீலிக்கரையில், மலைநீர் குழாயாய்க் கொட்டும் இடத்தில், குளிக்கிற தண்ணீர்தான். அதற்கு மேல் ஆழமான தண்ணீரில் அவன் கால் வைத்ததும் இல்லை, வைக்க ஆசைப்பட்டதும் இல்லை. தலவாக்கலை ஆற்றைப் பாலத்தில் கடக்கும்போதுகூட லாரிக்காரனிடம் பேச்சுக் கொடுத்தபடி முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொள்வான். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, "இந்த போட்டை ரிப்பேர் பண்ணு" என்றார் தோட்டத்துப் பெரிய துரை. தேயிலைப் பெட்டி அடிக்கிற ஆசாரிக்குப் படகு மட்டும் வராமலா போகும் என்பது துரைமார் கணக்கு. முடியாது என்று சொல்ல இவனுக்கும் வாய் வரவில்லை. துரையிடம் முடியாது என்று சொல்லிவிட்டுத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடியிருந்தவன் எவன்?

அறுபத்து நாலாம் வருஷம், மாசிக் கடைசி. சீமைக்குத் திரும்பிப்போன இன்னொரு துரை விட்டுச்சென்ற படகு அது. கண்ணாடி நூலைத் துணியாக நெய்து, அதில் பிசினைத் தடவி இறுக வைத்த ஓடு. பைபர் கிளாஸ் என்றார்கள். ஓட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதன் வயிற்றுக்குள் நீளவாக்கில் ஓடிய நாலு மரச்சட்டங்களும், அவற்றின் மேல் கிடந்த தளப்பலகையும்தான் இற்றுப்போயிருந்தன. உளியை வைத்ததும் மரம் நனைந்த தேயிலைத்தூள் மாதிரி கையோடு வந்தது.

"இந்த சட்டம் முதுகெலும்பு," என்றார் துரை. தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டக்டரிடம் கற்ற தமிழ். "ஓட்டோட ஒட்டி நிக்கணும். ஒட்டல, மோட்டார் ஆட்டும், ஓடு ஒடையும். புரியுதா?"

"புரியுதுங்க தொரை."

புதுச் சட்டங்களுக்கு மரம் கிடைத்தது. பிசின் டின்களும் கண்ணாடித் துணியும் கொழும்பிலிருந்து வந்தன. டின்னில் இருந்த இங்கிலீசை ஆபீஸ் கிளாக்கர் லோரன்ஸ்தான் வாசித்துச் சொன்னார்.

"மரம் நல்லாக் காஞ்சிருக்கணும்னு போட்டிருக்கு அழகுமுத்து. ஈரம் ஏறினா எல்லாம் வீணாப்போயிருமாம்."

இந்த ஒரு சொல் அழகுமுத்துவின் மனசில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. அந்த வருஷம் மாசியிலும் மழை விடவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் மூடுபனி உள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மரத்தை எப்படிக் காப்பது? இருபது வருஷமாக அவன் பார்த்த தொழிலில் ஈரத்துக்கு ஒரே மருந்துதான் உண்டு. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாள். அதைச் சுற்றி அனுப்பிய தேயிலை ஏழு கடல் தாண்டி லண்டனுக்குப் போய் இறங்கும்போதும் மொறுமொறுவென்று இருக்கிறதே. நாலு கட்டை எம்மாத்திரம்?

ஸ்டோரிலிருந்து ஒரு சுருள் ஈயத்தாளை எடுத்துக்கொண்டான். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்கமாட்டார்கள். சட்டங்களை அச்சுப் பிசகாமல், பெட்டிக்கு மடிப்பதுபோல ஓரம் மடித்துச் சுற்றினான். அது போதாதென்று, ஓட்டின் உட்புறத்திலும் சட்டம் உட்காரும் இடமெல்லாம் ஈயத்தாளை விரித்தான். அதன் மேல் கண்ணாடித் துணி, அதன் மேல் பிசின், மேலே புதுத் தளப்பலகை, அதன் மேல் சாம்பல் நிறப் பெயிண்ட். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். துரை முஷ்டியால் குத்திப் பார்த்துவிட்டு, "கொறை ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க தொரை."

துரை அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். சித்திரைச் சீசனுக்கு முன்னமே, வருகிற சனிக்கிழமை நுவரெலியாக் குளத்தில் படகை இறக்குவதாக ஏற்பாடு.

புதன்கிழமை மத்தியானம்வரை அழகுமுத்து சந்தோஷமாகத்தான் இருந்தான். சட்டம் அறுத்ததில் மீந்த ஒரு முழக் கட்டையையும் அதேபோல ஈயத்தாள் சுற்றிப் பிசின் பூசி இறுக்கி, உட்கார மணையாகட்டும் என்று வீட்டில் கொண்டுவந்து போட்டிருந்தான். அவன் மனைவி நாகலெட்சுமி அதை அடுப்போரம் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்து அதை நகர்த்தப்போனவள், "ஏங்க, இதென்னங்க இது? தோலு தனியா கழண்டு வருது?" என்றாள்.

அழகுமுத்து வாங்கிப் பார்த்தான். அவள் சொன்னது சரிதான். கல்லாய் இறுகியிருந்த கண்ணாடி ஓடு, ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்ததும் பலாச்சுளையிலிருந்து கொட்டை வருவதுபோல முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே ஈயத்தாள் பளபளவென்று சிரித்தது. அதில் ஒரு பொட்டுப் பிசின்கூட ஒட்டியிருக்கவில்லை.

சோற்றைத் தொடாமல் கொட்டகைக்கு ஓடினான். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் படகுக்குள் ஏறி, மண்டியிட்டு, விரல் முட்டியால் தளத்தைத் தட்டினான். பெட்டி அடித்த கைக்கு மரத்தின் சத்தம் தெரியும். டொக், டொக் என்று வரவேண்டிய இடத்தில் பொத்து, பொத்து என்று வந்தது. முதல் சட்டம் பொத்து. இரண்டாவது பொத்து. நாலும் பொத்து. ஓரங்களில் ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்த விரற்கடைத் துணி ஒன்றுதான் அத்தனையையும் பிடித்துக்கொண்டிருந்தது. எத்தனை நாள் பிடிக்கும்? ஒரு நாழிகை பிடிக்குமா?

படகு தண்ணீரில் போவதை ஒருமுறையாவது பார்த்திருந்தாலும் பயத்துக்கு ஒரு அளவு இருந்திருக்கும். பார்த்ததில்லையே. அதனால் அவன் கண்ணுக்குள் அந்த ஓடு முட்டை உடைவதுபோல நடுக்குளத்தில் உடைந்தது, திரும்பத் திரும்ப உடைந்தது.

துரையிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் தளத்தைப் பிரிப்பார்கள். பிரித்தால் ஈயத்தாள் வெளியே வரும். ஸ்டோர்ச் சாமானைக் கேளாமல் எடுத்தவனுக்கு என்ன நடக்கும் என்று தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அன்று சாயங்காலமே சட்டிபானையோடு குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி பண்ண வேண்டியதுதான். போன மாசம்தான் துரையின் காரில் கீறல் போட்ட பையனுக்கு அப்படி நடந்தது. அவன் குடும்பம் கொட்டும் மழையில் ரோட்டோரம் நின்றதை அழகுமுத்து இந்தக் கண்ணால் பார்த்தவன். வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தான். துரைக்கு நீந்தத் தெரியும், சின்ன வயசிலிருந்தே சீமைக்கடலில் விளையாடியவர், எப்படியும் கரையேறிவிடுவார் என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான். கேவலமான சமாதானம்தான். பயந்தவனுக்குச் சாய்ந்துகொள்ள அதுவே பெரிய திண்டு.

அந்தத் திண்டு மறுநாளே சரிந்தது.

அவன் மகள் பூரணி துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தாள். பதினேழு வயசு. துரையின் நாலு வயசு மகனை, அந்தப் பாபாவை, இடுப்பை விட்டு இறக்கமாட்டாள். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தவள், கையில் ஒரு நீலச்சேலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"யப்பா, தொரைசாணி குடுத்தாங்க. சனிக்கெழம இதைக் கட்டிக்கிட்டு பாபாவோட நானும் போட்டுல ஒக்காரணுமாம். நீ செஞ்ச போட்டுல மொத மொத நான்தான் போறேன்."



வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளைத் தனியே கூப்பிட்டு, கையில் ஒரு பெரிய வெங்காயத்தை வைத்தான். "நாளைக்கு விடிஞ்சதும் கம்பளியைப் போத்திக்கிட்டு இதை அக்குள்ல வச்சுக்க. ஒடம்பு சுடும். ஆளு வந்தா காச்சல்னு சொல்லு," என்றான்.

"ஏம்ப்பா?"

"சொன்னதைச் செய்யி."

"அந்தச் சேலையை நான் இன்னும் கட்டவேயில்லப்பா."

"பூரணி, ஒன் அப்பன் ஒங்கிட்ட இதுவரைக்கும் என்ன கேட்டிருக்கேன்? இதை மட்டும் செஞ்சிரு தாயி," என்றான். பூரணி அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்த் தலையாட்டினாள்.

தன் பிள்ளை தப்பிவிட்டாள் என்ற நிம்மதியில் அவன் அன்று கொஞ்சம் கண்ணயர்ந்தான். அவள் இடத்தில் இன்னொருத்தி உட்காருவாள் என்பது அவன் மண்டையில் ஏறவில்லை. ஏறவில்லை என்பதைவிட, அவன் ஏறவிடவில்லை என்று சொல்வதே நியாயம்.

சனிக்கிழமை காலை படகை லாரியில் ஏற்றிக் கட்டிவிட்டு, கூடப்போய் இறக்குவதற்காக அழகுமுத்துவும் பின்னால் ஏறிக்கொண்டான். பங்களாவிலிருந்து துரையின் கார் வெளியே வந்தது. பின் ஆசனத்தில் பாபாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பூரணிக்குக் கொடுத்த அதே நீலச்சேலை. அடுத்த காம்பரா காளியாயியின் மகள் வீரம்மா. அப்பன் இல்லாத பிள்ளை. காளியாயிக்கு அவளை விட்டால் நாதியில்லை.

"மாமா," என்று கார்க் கண்ணாடிக்குள்ளிருந்து அவள் கையை ஆட்டினாள். "பூரணிக்குப் பதிலா என்னைக் கூப்பிட்டாங்க."

லாரி நானுஓயாவைத் தாண்டி ஏறும்வரை அவன் படகின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றான். ஒவ்வொரு வளைவிலும் தளத்துக்கு அடியில் ஏதோ முனகுவது அவனுக்கு மட்டும் கேட்டது. வண்டி கவிழ்ந்து படகு நொறுங்கிப் போகட்டும் என்று கோயிலில் இருக்கிற மாரியம்மனை வேண்டிக்கொண்டான். அவளும் காது கொடுக்கவில்லை.

குளக்கரையில் சனிக்கிழமைக் கூட்டம். மட்டக்குதிரைகளில் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். நாலு பேராகப் படகைத் தண்ணீரில் தள்ளினார்கள். அது மிதந்தது. அன்னமாட்டம் அலுங்காமல் மிதந்தது. ஒரு கணம், ஒன்றும் ஆகாதோ என்றுகூட அழகுமுத்துவுக்குத் தோன்றியது. துரை ஏறி மோட்டார்ப் பக்கம் உட்கார்ந்தார். பிறகு வீரம்மா, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பயத்தில் உதட்டைக் கடித்துச் சிரித்தபடி ஏறினாள். துரைசாணி பாபாவைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டுக் கரையில் நின்றுகொண்டாள். மோட்டார் உறுமியது. அந்த உறுமலில் தளப்பலகை நடுங்குவதை அழகுமுத்து பார்த்தான். அவன் கையில் கயிறு இருந்தது.

"கயிறு விடு," என்றார் துரை.

அவன் விடவில்லை.

"அழகுமுத்து. கயிறு விடு."

கை திறக்க மறுத்தது. காம்பராக் கதவு, ரோட்டோரம், மழை, நாகலெட்சுமியின் சட்டிபானை எல்லாம் கண்முன் வந்தன. பாபா தண்ணீரைத் தொட எட்டினான். வீரம்மா அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"தொரை, அந்தச் சட்டம் ஒட்டலீங்க," என்றான் அழகுமுத்து. மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். முழங்கால், தொடை, இடுப்பு. குளிர் நெஞ்சைப் பிடித்தது. செத்தேன் என்றே நினைத்தான். விளிம்பைப் பற்றி உள்ளே விழுந்து, எழுந்து, தான் செய்த தளத்தின் நடுவில் குதிகாலால் ஓங்கி மிதித்தான். ஒரு மிதியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது மிதியில் படீரென்று பலகை எழும்பியது. விரலை விட்டு இழுத்தான். பிசின் ஓடு முழுசாக உரிந்து வந்தது. அடியில் ஈயத்தாள் வெயிலில் பளபளத்தது. சட்டம் ஓட்டுக்குள் தனியே புரண்டது.

துரை மோட்டாரை நிறுத்தினார். அந்தத் தாளை அவருக்கா தெரியாது? இறங்கிப் படகைக் கரைக்கு இழுத்தார், மகனைத் தூக்கித் துரைசாணியிடம் கொடுத்தார், வீரம்மாவைக் கைபிடித்து இறக்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் அழகுமுத்துவைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை ஆபீசுக்கு வா," என்றார். அவ்வளவுதான். அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

கார் துரையோடும் துரைசாணியோடும் பாபாவோடும் போய்விட்டது. படகைத் திரும்ப ஏற்றிய லாரியின் பின்னால் வீரம்மா அழகுமுத்துவின் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே கிடந்த சாக்கை இருவர் மேலும் போர்த்திக்கொண்டு வந்தாள். அவன் ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமையை நினைத்து நினைத்துப் பல் கிட்டியது. பத்துச்சீட்டு நிச்சயம். நாகலெட்சுமியிடம் என்ன சொல்வது, பூண்டுலோயாவில் இருக்கும் மைத்துனன் வீட்டுக்குப் போகலாமா, அவன் கதவைத் திறப்பானா என்றெல்லாம் மனசு ஓடியது.

"போட்டுல போறேன்னு லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன் மாமா," என்றாள் வீரம்மா. அழுகையை அடக்கிய குரல். "எனக்குன்னு ஒருநாளு வந்துச்சு. அதையும் மெதிச்சு ஒடைச்சுட்டீங்க."

லாரி இறக்கத்தில் இறங்கியது. படகுக்குள் உரிந்து கிடந்த ஈயத்தாளை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூரணிக்கென்று வந்த தன் நீலச்சேலையைப் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"மாமா."

"ம்."

"பூரணிக்கு நெசமாவே காச்சலா?"

அழகுமுத்து அவள் முகத்தைப் பார்த்தான். அத்தனை நாள் துரைக்குப் பயந்த பயமெல்லாம் இந்தப் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பொய் சொல்ல வாய் திறந்தது, வரவில்லை.

"இல்லம்மா," என்றான்.

குளிருக்காக அவன் மேலும் சேர்த்துப் போர்த்தியிருந்த சாக்கை வீரம்மா மெதுவாக எடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, படகின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.