நோய் இல்லாத தோட்டம்

மருந்து டாங்கியை முதுகிலிருந்து இறக்கியதும் மயிலம்மாள் நேரே டிஸ்பென்சரிக்கு நடந்தாள். மூக்கில் கசிந்த ரத்தத்தைச் சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்திருந்தாள். லாபு ஊர்ப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்கிடையே புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்கள் எட்டுப் பேர். மூக்கில் ரத்தம் வராதவள் ஒருத்தியும் இல்லை. நகங்கள் எல்லாருக்கும் கறுத்துப் போயிருந்தன.

தோட்டத்துக்கு வைத்தியம் பார்க்கும் டிரெசர் நல்லசாமி பஞ்சை வைத்து அடைத்துவிட்டு, மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"நோட்டுல எழுதட்டுமா?"

"ஐயோ, வேணாங்கய்யா. பேரு ஏறிருச்சின்னா வேல போயிரும்."

நோயாளி என்று நோட்டில் பேர் ஏறினால் அடுத்த மாதம் வேலைக்கு வராதே என்று வேலை வாங்கும் மண்டோர் சொல்லிவிடுவார். அவள் புருஷன் அர்ச்சுனன் லோரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறான். அவள் போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும். நல்லசாமி இளகிய மனசுக்காரர். ஐந்து வருஷமாக எல்லாருக்கும் எழுதாமலே வைத்தியம் பார்த்து வந்தார்.

அந்த வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் காகிதக் கட்டோடு வந்தாள். தோட்டத்து வைத்தியத்துக்கு ஆகும் செலவில் கம்பெனிக்கு என்ன பலன் என்று ஏழு தோட்டங்களில் ஆராய்ச்சியாம். யார் பெயரையும் எழுத மாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். ஆனால் அவள் வந்து இறங்கியது தோட்டத்து ஆபீஸ் கிராணியின் காரில்.

"அக்கா, போன வருஷத்துல எத்தன தடவ டிஸ்பென்சரிக்குப் போனீங்க?"

பத்தடி தள்ளி மண்டோர் மாயாண்டி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன். ஒரு தடவ சளி, அவ்ளோதான்லா."

"நகம் ஏன் இப்படி இருக்கு?"

"மருதாணி வச்சேன், கறுத்துப் போச்சி."

அந்தப் பெண் சிரித்தபடி எழுதிக்கொண்டாள். மற்ற ஏழு பேரும் தாங்களும் கல்லு என்றே சொன்னார்கள்.

மூன்று மாதம் கழித்து, பேர் கூப்பிடும் காலைப் பிரட்டில் ஆட்கள் வரிசையாக நின்றபோது கிராணி திருநாவுக்கரசு ஒரு காகிதத்தைப் படித்தார். ஏழு தோட்டங்களில் இதுதான் நோய் குறைந்த தோட்டம். தொரைக்கு ரொம்ப சந்தோஷம். வீட்டுக்கு ஒரு பிஸ்கட் டின். ஆள் வராத டிஸ்பென்சரிக்குச் செலவு வீண் என்பதால் மாதக் கடைசியோடு மூடப்படும். புதன்கிழமை தோறும் வைத்தியர் வேனில் வருவார்.

கேட்டவர்கள் கை தட்டினார்கள். மயிலம்மாள் வரிசையை விட்டு நல்லசாமியிடம் ஓடினாள்.

"ஆபீஸ்ல நெசத்தச் சொல்லுங்கய்யா!"

"எதக் காட்டிச் சொல்றது மயிலு? நோட்டு வெறிச்சினு கெடக்கு. எழுதாம விட்டவன் நாந்தானே."

டிஸ்பென்சரியைப் பூட்டும் நாளில் அவர் அலமாரியில் மிஞ்சியிருந்த மாத்திரைகளையும் பஞ்சையும் அள்ளி அவளுடைய காலி பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தார். மறுநாள் பெட்டியோடு பஸ் ஏறினார்.

டின்னில் இருந்தது ஒன்றரை மாதம் வந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, பிரட்டுக்குக் கிளம்பும்போதே மூக்கில் ரத்தம் வழிந்தது. வேன் நேற்றுத்தான் வந்து போயிருந்தது. மயிலம்மாள் டின்னைத் திறந்து கவிழ்த்துத் தட்டினாள். கொஞ்சம் பிஸ்கட் தூள் விழுந்தது.

பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து மூக்கில் திணித்துக்கொண்டு டாங்கியைத் தூக்கினாள். தரையில் கிடந்த மூடியில், கன்னம் சிவந்த வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று பிஸ்கட்டும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.