மூன்றாய்த் தெரிந்த எட்டு

கண்ணாடிக் கதவு சுவரில் போய் மோதிய சத்தத்தில், ரத்தம் கொடுக்கக் கையை நீட்டியிருந்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"எங்கய்யா டாக்டரு? வெளிய வரச் சொல்லு!"

வந்தவர் கழுத்தில் தையல்காரரின் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தி. நகரில் கடை வைத்திருக்கும் மெஹபூப் அலி. கையில் இரண்டு காகிதங்கள். ஒன்றில் அடையாறு காந்தி நகரின் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பெயர் இருந்தது.

டாக்டர் சுப்பராமன் உள்ளறையிலிருந்து வந்தார். அறுபது வயது, மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு.

"என்ன விஷயம்? நிதானமா சொல்லுங்கோ."

"நிதானமா? என் பீபி ஜைதூனுக்கு ஏழு மாசம் சார். ரத்தம் மூணு புள்ளி எட்டுன்னு நீங்கதான் எழுதிக் குடுத்துக்கீறீங்க. நர்சிங் ஹோம்ல பாத்துட்டு, இந்த ரத்தத்த வெச்சிகினு இந்தம்மா எப்டி நடந்து வந்துச்சுன்னு கேக்கறாங்க. என் தம்பி, மச்சான், கடையில காஜா எடுக்கற ஆளு, நானு, நாலு பேரும் ரத்தம் குடுக்க வரிசையா குந்திகினு இருந்தோம். ஏத்தறதுக்கு முன்னால இன்னொரு தபா பாத்தாங்க. எட்டு புள்ளி எட்டு! கீழ போட்டுக்கீற கையெழுத்து உங்களுதுதானே?"

டாக்டர் ஃபைலைப் புரட்டி, லேபில் கையால் எழுதிய துண்டுச் சீட்டை எடுத்தார். 8.8 என்று தெளிவாக இருந்தது. டைப் அடித்த தாளில் 3.8.

"கயல்!"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கயல் எழுந்து நின்றாள். இருபத்திரண்டு வயது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். அவள் அம்மா வேலம்மா அதே லேபில்தான் பத்து வருஷமாகக் கூட்டிப் பெருக்குகிறாள். ஆற்றோரக் குடிசையிலிருந்து தினம் இருவரும் ஒன்றாக வருவார்கள். வாசலில் அம்மா துடைப்பத்தை எடுப்பாள், மகள் நாற்காலிக்குப் போவாள்.

அந்த அறையில் இன்னொருவனும் இருந்தான். ஸ்ரீவத்சன். மயிலாப்பூர்ப் பையன், தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாதம் ஒரு முறை வந்து இந்த மிஷினைப் பார்த்துவிட்டுப் போவான். ஏப்ரலில் வந்த வைரஸ் ஒரே நாளில் ஊரில் பாதிக் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தபோது, டாக்டருடையதும் படுத்தது. "லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுடலாம் சார். வைரஸே கிட்ட வராது" என்று சொல்லி மாற்றியவன் அவன்தான்.

டாக்டர் அவனைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்ரீவத்ஸா, நீ இருக்கறச்சேயே கேட்டுடறேன். இது மிஷின் கோளாறா, ஆள் கோளாறா?"

கயல் அவனைப் பார்த்தாள். அவள் ஏற்கெனவே இரண்டு முறை அவனிடம் சொல்லியிருந்தாள். மே மாதம் ஒரு தடவை: "சார், இதுல எட்டும் மூணும் ஒரே மாரி தெரியுது. அஞ்சும் ஆறும் கூட." ஜூனில் ஒரு தடவை: "எழுத்து பூரா உடைஞ்சு உடைஞ்சு கீது சார், பாத்து சொல்லுங்க." இரண்டு முறையும் அவன் அவள் நாற்காலிப் பக்கம்கூடப் போகவில்லை. "இது என்ன கல்யாணப் பத்திரிகையாம்மா, எழுத்து அழகா இருக்க? பழகிடும்" என்று சிரித்தான்.

அவனுடைய லினக்ஸ் நண்பர்கள் இரண்டாவது சனிக்கிழமைகளில் கூடுவார்கள். அங்கே யாராவது எழுத்து நன்றாக இல்லை என்று ஆரம்பித்தால் அது ஒரு கேலிப் பொருள். அழகு தேடுகிறவன் நம் ஆள் இல்லை என்று முதலில் சொல்பவன் ஸ்ரீவத்சன். அவனே நாள் முழுக்கக் கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பவன். லேபில் கயல் ரிப்போர்ட் அடிக்கத் திரையில் திறக்கும் வெள்ளை ஜன்னலை அவன் முழுதாக ஐந்து நிமிஷம் பார்த்ததில்லை.

இப்போது அதையெல்லாம் சொல்லலாம். ஆனால் தையல்காரர் நிற்கிறார், பரிசோதனைக்கு வந்தவர்கள் எட்டுப் பேர் பார்க்கிறார்கள், லினக்ஸைக் கொண்டு வந்தவன் அவன்.

"மிஷின் தப்புப் பண்ணாது சார்," என்றான். "அடிச்சதுதான் வரும்."

கயல் அவனிடமிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர், மெஹபூப் அலியிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அவர் போன பிறகு கயலிடம், குரலை உயர்த்தாமலே, "நீ இன்னிலேர்ந்து டியூப் கழுவற பக்கம் போயிடு. திங்கட்கிழமை வேற பொண்ணு வரா" என்றார். ஸ்ரீவத்சனிடம், "அது வரைக்கும் நீயே அடிச்சுக் குடுத்துடு. உங்க கம்பெனிக்கு நான் பேசிக்கறேன்" என்றார்.

மூலையில் துடைப்பத்தோடு நின்ற வேலம்மா, மகள் கழுவும் தொட்டிப் பக்கம் நடந்தபோது தன் தோளில் கிடந்த துணியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

மறுநாள் வியாழக்கிழமை காலை ஸ்ரீவத்சன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

டாக்டரின் முறை இது: காலையிலேயே ஐம்பது லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். ரிப்போர்ட் அடித்து முடித்ததும் பின்னால் வந்து நின்று, திரையில் பார்த்து, "சரி" என்பார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்ட தாளை பிரிண்டரில் வைப்பார்கள்.

முதல் பத்து ரிப்போர்ட்டுகள் வேகமாக ஓடின. பதினொன்றாவது, ஒரு சர்க்கரை ரிப்போர்ட். டாக்டர் "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரிண்ட் வந்தது. கவரில் போடும்போது தற்செயலாகப் பார்த்தான். சீட்டில் 188. தாளில் 138.

ஸ்ரீவத்சன் திரையைப் பார்த்தான். மூக்கு அதில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தான். மூன்றின் இடது பக்கம் திறந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எட்டின் இடது பக்கத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. இரண்டும் ஒன்றுதான்.

மெதுவாக எழுந்து கழுவும் தொட்டிக்குப் போனான். கயல் கையுறை போட்டுக்கொண்டு டியூப்களைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கயல்... மூணையும் எட்டையும் மாத்தி அடிக்கிறது எப்படி வருது? ரெண்டும் பக்கத்துப் பக்கத்து கீ கூட இல்லையே?"

அவள் நிமிரவில்லை.

"மூணு இடது கை நடுவெரல். எட்டு வலது கை நடுவெரல். வேகத்துல கை மாறிடும் சார். டைப்பு கத்துக்கினவங்க எல்லாருக்கும் மாறும். இன்ஸ்டிடியூட்லயே சொல்லிக் குடுப்பாங்க, அடிச்சப்புறம் கண்ணால பாத்துத் திருத்துன்னு." ஒரு டியூபைக் கவிழ்த்து வைத்தாள். "கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான திருத்த முடியும்?"

அவன் நாற்காலிக்குத் திரும்பினான். அன்று மீதி ரிப்போர்ட்டுகளை ஒவ்வோர் எண்ணாக விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்து அனுப்பினான். மாலையில் தி. நகர் ஆபீசுக்குப் போய், லினக்ஸ் நண்பர்கள் குழுவிலிருந்து வந்து, தான் இதுவரை திறக்காமலே ஒதுக்கிவைத்த மின்மடல்களைத் தேடினான். லினக்ஸில் எழுத்துகளைச் சரி செய்வது எப்படி என்று எத்தனையோ பேர் பொறுமையாக எழுதி வைத்திருந்தார்கள். இலவசமாகக் கிடைத்த ஒரு நல்ல ஃபான்டை இறக்கி இரண்டு ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே லேபுக்கு வந்துவிட்டான்.

முதல் தப்பு அவன் போட்டது. பதினாலு அங்குல மானிட்டரில் நிறைய விஷயம் தெரியட்டும் என்று, திரைக் காட்சியை மிக நுணுக்கமான அளவில் வைத்திருந்தான். எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது. அதைப் பெரிதாக்கினான். இரண்டாவது தப்பும் அவனுடையது. எழுத்துகள் இரண்டு ஃபோல்டர்களில் இருந்தன, ஒன்று சிறிய அளவு, ஒன்று பெரிய அளவு. சிறியதை முதலில் தேடு என்று அமைப்புக் கோப்பில் இருந்தது. கேட்ட அளவு அதில் இல்லாவிட்டால், இருப்பதையே இழுத்து நீட்டிக் காட்டியது. அதனால்தான் உடைந்தது. வரிசையை மாற்றினான். நீட்டாதே என்று ஒரு வார்த்தை சேர்த்தான். கடைசியாக, புது ஃபான்டை எந்த அளவிலும் ஒழுங்காக வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன புரோகிராமை ஏற்றினான்.

திரையை மறுபடி திறந்தபோது எண்கள் அச்சுப் புத்தகத்தில் இருப்பதுபோல நின்றன. எட்டு எட்டாக இருந்தது. மூன்று மூன்றாக இருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு நாற்பது. சந்தோஷம் வரவில்லை.

டாக்டர் ஒன்பதரைக்கு வந்தார். முதல் ரிப்போர்ட்டுக்குப் பின்னால் வந்து நின்றவர், வழக்கம்போல் உடனே "சரி" சொல்லவில்லை. ஓர் அடி முன்னால் வந்தார். இன்னும் ஓர் அடி.

"என்னடா பண்ணினே இதுக்கு?"

"சும்மா... புது வெர்ஷன் போட்டேன் சார்." இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

"பேஷ்! முத்து முத்தா இருக்கே." டாக்டர் வெகு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அங்க பாரு, பொட்டாசியத்துல புள்ளி விட்டுப்போயிடுத்து. திருத்து."

திருத்தினான். முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தட்டு நாள் முழுக்க முதுகில் இருந்தது.

பதினொரு மணிக்கு வேலம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"சார், நீ படிச்ச புள்ள. ஒண்ணு கேக்கறேன். நேத்து சாயங்காலம் கயலை கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். ரெண்டு கண்ணும் பளிங்கு மாரி கீது, ஒரு கோளாறும் இல்லன்னுட்டாங்க."

"ம்..."

"கோளாறு இல்லன்னா அப்ப இன்னா அர்த்தம்? வேல மேல புத்தி இல்லாம அடிச்சுக்கீறா. அந்தம்மா வவுத்துல ஒரு வாயில்லாத ஜீவன் கீறப்போ இவ வெளையாடிக்கீறா. வூட்டுக்குப் போயி நாலு சாத்து சாத்தினேன் சார். நின்னு வாங்கிக்கினா. ஒரு வார்த்த பேசல." வேலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "திங்கக்கெழம வர்ற பொண்ணு கிட்டயாவது சொல்லிக் குடு சார், புத்தியோட அடின்னு."

ஸ்ரீவத்சன் டீயைத் தொடவில்லை. எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அதை நிமிர்த்தவும் இல்லை.

"வேலம்மா, கயலைக் கூட்டிண்டு டாக்டர் ரூமுக்கு வாங்க."

"இன்னா சார் ஆச்சு?"

"வாங்க."

கயல் ஈரக் கையோடு வந்து கதவோரம் நின்றாள். பக்கத்தில் வேலம்மா. டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சார், கயல் மேல தப்பு இல்லை," என்றான் ஸ்ரீவத்சன். "திரையில மூணும் எட்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. நான் செட் பண்ணினது தப்பு. அவ ரெண்டு தடவை என்கிட்ட சொன்னா. நான் வந்து பாக்கவே இல்லை, கேலி பண்ணினேன். அன்னிக்கு எல்லார் எதிர்லயும் நீங்க கேட்டப்போ பொய் சொன்னேன். இன்னிக்குக் காலையில புது வெர்ஷன்னு சொன்னதும் பொய். நாப்பது நிமிஷ வேலை சார். மே மாசமே பண்ணியிருக்கலாம்."

வேலம்மா மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தாள். கை தானாக உயர்ந்து மகளின் தோளில் போய் நின்றது. முந்தின நாள் அடி விழுந்த தோள் போலிருக்கிறது, கயல் லேசாகச் சுருங்கினாள். வேலம்மா கையை எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். திட்டுவார் என்று ஸ்ரீவத்சன் காத்திருந்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"திங்கட்கிழமை யாரும் வர வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றார் கடைசியில். "கயல், நீ போய் உன் சீட்ல உக்காரு."

கயல் நகரவில்லை.

"மாட்டேன் சார்."

"ஏய், இன்னாடி!" என்றாள் வேலம்மா.

"நீ சும்மா இரும்மா." கயல் டாக்டரையே பார்த்துப் பேசினாள். "இவரு நாக்காலிகிட்டக்கூட வரல சார், சரி. நீங்க தெனம் எம்பின்னாடியே நின்னு பாத்தீங்க. அந்தப் புள்ளத்தாச்சி ரிப்போர்ட்டையும் பாத்துட்டு சரின்னு சொன்னீங்க. எல்லாரும் என்னியத் திட்டறப்போ நீங்க ஏன் சார் அதச் சொல்லல?"

டாக்டர் சுப்பராமன் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே, மேஜையைப் பார்த்தபடி சொன்னார்:

"எனக்கும் திரையில ஒரு எழுத்தும் தெரியலைம்மா. கண்ணுல புரை வந்துடுத்துன்னு பயந்துண்டு, வெளியில சொல்ல வெக்கப்பட்டுண்டு, மூணு மாசமா படிக்காமலேதான் சரி சரின்னு சொல்லிண்டு இருந்தேன்."