ப்ரவோக்

...ஆனால் அந்தச் சொல்லை உமைமா எங்கிருந்து எடுத்தாள், வீட்டில் உருது, கம்பெனியில் தமிழ், கோபம் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் வந்தது, என்று கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் தலையைச் சாய்த்து பெர்சிஸ் யோசித்துக்கொண்டிருந்தாள். மடியில் விரித்திருந்த மொழிபெயர்ப்பு நாவலில், பஸ் வேலூரை விட்டதிலிருந்து ஒரு ரயில் அதே பக்கத்தில் பனியில் நின்றிருந்தது. பக்கத்து சீட்டில் இடம் பிடித்து அவள் பை. பள்ளிகொண்டாவில் உமைமா ஏறுவாள், தினமும் ஏறியதும் அந்தப் பையைத் தூக்கி பெர்சிஸின் மடியில் போட்டுவிட்டு உட்காருவாள். இன்று உட்காருவாளா... சனிக்கிழமை மதியச் சாப்பாட்டில் நடந்ததற்குப் பிறகு? கம்பெனியின் புது மாடல் செருப்பில் குறுக்கு வாரை முடிச்சாக மாற்றியது உமைமா, அதைத் தன் யோசனை என்று ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு பையரிடம் காட்டியது மேனேஜர். உமைமாவோ சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினாள். பெர்சிஸால் பொறுக்க முடியவில்லை. "உன் கால்ல இருந்து செருப்ப எவனாவது கழட்டிக்கினு போனாக்கூட, சைஸ் சரியா இருக்கா பாய்னு கேப்படி நீ." மேசையே சிரித்தது. உமைமா சிரிக்கவில்லை. டிபன் பாக்ஸை மூடி, "ப்ரவோக் பண்ணாத, பெர்சி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

பெர்சிஸ் ஃபோனில் சாரி என்று அனுப்பியதை உமைமா பார்த்தாள், பதில் அனுப்பவில்லை. ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் ஃபோனை வைத்து பெர்சிஸ் அந்தச் சொல்லைத் தேடினாள். ஆத்திரமூட்டு, தூண்டு, கிளறு, சீண்டு... ஒரு மொழிபெயர்ப்பாளர் இதில் எதை எடுப்பார்? இன்னும் கீழே போனால் லத்தீன். முன்னால் என்று ஒரு துண்டு, கூப்பிடு என்று ஒரு துண்டு. வெளியே வா என்று கூப்பிடுவது, அவ்வளவுதான். குரலைச் சொல்லும் வாய்ஸும் அதே குடும்பமாம். நான் வேறென்ன செய்தேன், கதவுக்கு வெளியே நின்று உமைமா, உமைமா என்று கூப்பிட்டேன், கொஞ்சம் காட்டுக்கத்தலாக. ஆனால் சீண்டு என்பதில் பெர்சிஸின் மனம் தங்கிவிட்டது. சீண்டாதே என்கிறோம், யாரும் சீண்டாத பொருள் என்றும் சொல்கிறோம். தொந்தரவும் அதே சொல், தொடுவதும் அதே சொல். மேனேஜர் உமைமாவைச் சீண்டவில்லை, அவள் இருப்பதாகவே நினைக்கவில்லை. அவரிடம் வராத கோபம் என்னிடம் மட்டும் வந்ததே... அப்படியானால் அது எனக்குக் கிடைத்ததுதானே? இதற்குச் சந்தோஷப்படலாமா, வெட்கங்கெட்டவளா நான்?

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி பஸ் நின்றது. உமைமா ஏறினாள், முன்னால் காலியாயிருந்த இரண்டு சீட்டுகளைக் கடந்து வந்தாள், பையைத் தூக்கி பெர்சிஸின் மடியில், நாவலின் மேலேயே போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மன்னிப்பைத் தமிழில் தொடங்குவதா, லத்தீனில் தொடங்குவதா என்று பெர்சிஸ் தடுமாறுவதற்குள் உமைமா நேராக ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள், "இன்னிக்கு மேனேஜர்கிட்ட கேக்கப்போறேன். அந்த முடிச்சு என்னுதுன்னு சொல்லப்போறேன்."

"நெசமாவா? வேல போய்ட்டா?"

"போனா பேஜார்தான். நீதான கூப்ட்ட."

கூப்ட்ட என்றாளா? அந்தச் சொல்லையா சொன்னாள்? அவளும் தேடிப் பார்த்திருப்பாளோ, இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாளோ... உமைமாவின் விரல்கள் துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி விடுவதைப் பார்த்தாள். அந்த மேனேஜரின் அறைக் கதவு பெர்சிஸுக்கு நன்றாகத் தெரியும், அதன் முன்னால் தன் குரலே கம்மியாகிவிடுவதும் தெரியும். வெளியே வா என்று கூப்பிட்டாயிற்று, அவளும் வந்துவிட்டாள். இனி கூப்பிட்டவள் எங்கே நிற்க வேண்டும் என்று அகராதியில் ஒரு வரிகூட இல்லையே... பஸ் மாதனூரைத் தாண்டி கம்பெனியை நெருங்கிக்கொண்டிருந்தது.