சிவப்புப் பட்டையும் இரண்டு இட்லியும்

பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அந்த மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் சீதாலெட்சுமி சிஸ்டர் வைத்ததுதான் சட்டம். நல்ல மனுஷி, யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார். அந்த மாதம் அவர் பிடித்துக்கொண்டிருந்தது மஞ்சள் நிறத்தை.

ஒரே நிர்வாகத்தின் கீழ் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், செமினி என்று மூன்று மருத்துவமனைகள். நோயாளியின் மணிக்கட்டில் கட்டும் எச்சரிக்கைப் பட்டையின் நிறம் மட்டும் ஊருக்கு ஒரு மாதிரி. பிரிக்ஃபீல்ட்ஸில் மஞ்சள் பட்டை என்றால் அந்த ஆளுக்கு ஏதோ மருந்து ஒத்துக்கொள்ளாது. சிவப்பு என்றால் ஆப்பரேஷன் இருக்கிறது, வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது. கிள்ளானிலோ மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் சிவப்பு. மஞ்சள், நடக்கும்போது விழுந்துவிடக்கூடியவர்களுக்கு. மூன்று இடத்துக்கும் ஒரே நிறத்தை முடிவுசெய்யச் சொல்லி வார்டு சிஸ்டர்களைக் கூட்டி உட்கார வைத்தார்கள்.

"சிவப்புன்னா ஆபத்துன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும் சீதாக்கா," என்றாள் கிள்ளான் சிஸ்டர் அமுதவள்ளி.

"என் நர்ஸுங்க கண்ண மூடிக்கிட்டு மஞ்சள் பட்டையப் பார்த்து சொல்லுவாங்க. நீ மாத்திக்கோ லா."

"கண்ண மூடிக்கிட்டு எப்படிக்கா பார்ப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சீதாலெட்சுமி சிரிக்கவில்லை. கூட்டம் ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை, கிள்ளானிலிருந்து ஆம்புலன்ஸில் முத்து முகம்மது வந்து சேர்ந்தார். அங்கே துணிக்கடை வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர். பாதத்தில் சீழ் வைத்து முழங்கால் வரை வீங்கியிருந்தது. எலும்பு டாக்டர் பார்க்கட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். மணிக்கட்டில் சிவப்புப் பட்டை.

காலைச் சாப்பாட்டைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்த பெண், சிவப்பைப் பார்த்ததும் அவர் கட்டிலைத் தாண்டிப் போனாள். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. வியாழக்கிழமைகளில் கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு வைத்துப் பழகியவருக்குப் பசி புதிதில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெரியாததா என்று கண்களை மூடித் தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கினார்.

டாக்டரிடமிருந்து போன் வந்தது. "சிஸ்டர், அலர்ஜி எதுவும் இல்லன்னா பென்சிலின் உடனே போட்டுருங்க. காலைக் காப்பாத்தணும்."

முத்து முகம்மதுவின் கோப்பு கீழே பதிவு மேசையிலிருந்து இன்னும் மேலே வரவில்லை. அவரையே கேட்டிருக்கலாம். ஆனால் ஓதிக்கொண்டிருக்கும் மனிதரை இடையில் நிறுத்தச் சீதாலெட்சுமிக்கு மனம் வரவில்லை. எட்டி மணிக்கட்டைப் பார்த்தார். மஞ்சள் இல்லை. அவர் கிள்ளானிலிருந்து வந்தவர் என்பது அந்த அவசரத்தில் சீதாலெட்சுமிக்கு உறைக்கவில்லை. அதுவே போதும் என்று மருந்தை ஊசியில் ஏற்றி எடுத்து வந்து, அவர் கையில் குத்தியிருந்த குழாயின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு தட்டு நீண்டு வந்தது. தட்டைப் பிடித்திருந்தவர் காப்பார் ஊர்க்காரர் ஜெயராஜ். லோரி ஓட்டி ஓய்ந்தவர், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். காலுக்குத்தான் கட்டு, வாய்க்குக் கட்டு கிடையாது.

"பாய், ரெண்டு இட்லி எடுத்துக்குங்க. என் சம்சாரம் வாங்கியாந்தது. சைவக் கடைதான், பயப்படாதீங்க."

முத்து முகம்மது கண் திறந்தார். "வேணாம்ணே. எனக்குச் சாப்பாடு கிடையாது போலிருக்கு. அல்லா பார்த்துக்குவான்."

"அவன்தான் இதை என் கையில குடுத்து அனுப்பிச்சிருக்கான்னு வெச்சுக்குங்களேன்."

"ஜெயராஜ் அண்ணே!" சீதாலெட்சுமி சீறினார். "அவருக்கு எதுவும் குடுக்கக்கூடாது. கையில சிவப்பு பட்டை தெரியலையா?"

"தெரியுது சிஸ்டர். லோரி ஓட்டினவனுக்குச் சிவப்பு தெரியாதா? ஆனா அவர் வந்ததிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல. பக்கத்துல பட்டினியா ஒருத்தர வெச்சுக்கிட்டு எனக்கு எப்படி உள்ள இறங்கும்?"

முத்து முகம்மது தன் கையைத் திருப்பிப் பட்டையைப் பார்த்தார். "இது சாப்பாட்டுக்கா? இல்லியேம்மா. கிள்ளான்ல கட்டும்போதே நர்ஸ் பிள்ளை சொன்னிச்சு. எனக்குப் பென்சிலின் ஆகாது. முன்ன ஒருக்கா போட்டு, மூச்சு அடைச்சு, மவுத்து வரைக்கும் போயிட்டு வந்தேன்."

சீதாலெட்சுமியின் விரல்களுக்கும் அந்தக் குழாயின் வாய்க்கும் நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. அவர் ஊசியை மெல்லப் பின்னால் இழுத்தார். மருந்துத் தட்டில் வைத்து மூடினார்.

டாக்டரை அழைத்து வேறு மருந்து கேட்டார். அதைக் கொடுத்து முடித்து, ஆப்பரேஷன் இன்றைக்கு இல்லை என்பதையும் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, முத்து முகம்மதுவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாய், நான் கையில வெச்சிருந்தது பென்சிலின். எங்க கணக்குல சிவப்புக்கு வேற அர்த்தம். உங்களக் கேக்காம விட்டது என் தப்பு. மன்னிச்சிருங்க."

முத்து முகம்மது தஸ்பீஹ் மணியைத் தலையணையில் வைத்தார். பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரியவே போறதில்ல. இருந்தும் சொன்னீங்க பாருங்க, அது போதும்மா. நன்றிய அந்தக் கட்டிலுக்குச் சொல்லுங்க."

"எனக்கு எதுக்கு நன்றி?" என்றார் ஜெயராஜ். "இட்லி ஆறிப்போச்சு. இப்பவாவது சாப்பிட விடுவீங்களா, இல்ல வேற கலர் பார்க்கணுமா?"

சீதாலெட்சுமியே அந்தத் தட்டை வாங்கி முத்து முகம்மதுவின் மடியில் வைத்தார்.

நடந்ததை மேலதிகாரியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அமுதவள்ளிக்குப் போன் போட்டார்.

"அமுதா, உன் சிவப்பையே வெச்சுக்கலாம்."

"என்னக்கா ஆச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கே."

எல்லாவற்றையும் கேட்ட பிறகு அமுதவள்ளி, "நல்லவேளைக்கா," என்று பெருமூச்சு விட்டாள். "உங்க மஞ்சள் பட்டையோட ஒருத்தர் இங்க வந்திருந்தா, நாங்க கட்டில் கம்பிய ஏத்தி விட்டுட்டு, ஆகாத மருந்தக் குடுத்திருப்போம்."

அன்று வேலை முடிந்து வழக்கம்போல் முருகன் கோயிலில் நின்றார் சீதாலெட்சுமி. எப்போதும் கேட்பதற்கு ஏதாவது இருக்கும். மகளுக்கு வரன், முழங்கால் வலி, வீட்டுக் கூரை ஒழுகல். அன்றைக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. முத்து முகம்மது, ஜெயராஜ் என்று இரண்டு பேரின் பெயருக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னார். நட்சத்திரம் கேட்ட குருக்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "சாமிக்குத் தெரியும்," என்றார்.

புதிய பட்டைகள் சீக்கிரமே வந்தன. மூன்று ஊருக்கும் ஒரே விதி: மருந்து ஆகாதவர்களுக்குச் சிவப்பு, விழக்கூடியவர்களுக்கு மஞ்சள். பட்டினி இருக்க வேண்டியவர்களுக்குப் பட்டையே கிடையாது, கட்டிலின் தலைமாட்டில் பலகை மாட்டினார்கள். சீதாலெட்சுமி கேட்டு வாங்கிச் சேர்த்தது ஒன்று உண்டு. பட்டையைப் பார்ப்பவர் யாரானாலும், அது எதற்கு என்று நோயாளியின் வாயாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வார்டில் முதல் மஞ்சள் பட்டை ஜெயராஜுக்கு.

"நான் விழுற ஆளுன்னு ஊருக்கே காட்டுறீங்களா சிஸ்டர்?"

"விழாமப் பார்த்துக்கத்தான்ணே."

பிறகு அவர் முத்து முகம்மதுவின் பக்கம் திரும்பினார். பழைய சிவப்பை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய சிவப்பைக் கட்டினார்.

"இது எதுக்கு பாய்?"

"பென்சிலின் ஆகாது."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா," என்று சிரித்தார் முத்து முகம்மது.